யாருடைய அச்சம் 'நியாயமான அச்சம்'?

(பாளையங்கோட்டையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டு வாங்கினேன். ஒன்றரை வருடமாக ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாமல் அலைந்துகொண்டிருக்கிறேன். அதை உங்கள் முன்னால் வைத்துப் பேசிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் தெளியும் என்று தோன்றியது.

என் ஆய்வு தாமிரபரணிப் பாசனத்தில் குத்தகை நிலம் பற்றியது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். வாழைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிற ஒரு பெரியம்மாவிடம் குத்தகைக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு அவர் என்னைக் கேட்டார்:

"யம்மா, நீ வக்கீலுக்கா படிக்க?"

"இல்ல பெரியம்மா, ஆராய்ச்சி படிக்கேன்."

"சட்டம் தெரியும்லா?"

"கொஞ்சம் தெரியும்."

"அப்பம் சொல்லு. ராத்திரி கதவ ஒதச்சிட்டு உள்ள வாரவன நான் வெட்டுனா எனக்கு என்ன ஆவும்?"

அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. கோயில் கொடை நேரத்தில் அவர் மகன் போனில் ஏதோ ஒரு பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறான். என்ன பாட்டு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி நான்கு பையன்கள் அரிவாளோடு வந்து கதவை உதைத்துத் திறந்திருக்கிறார்கள். மகன் வீட்டில் இல்லை. டிவியை உடைத்து, தண்ணீர்க் குடத்தை மிதித்து நசுக்கி, "நாளைக்கு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். விடிகிற வரைக்கும் பெரியம்மா வாழைத்தார் வெட்டுகிற அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் காவல் நிலையம் போனால், "சின்னப் பயலுவ, குடிச்சிட்டு வந்திருக்கானுவ, பேசி முடிச்சிக்கிடுங்க" என்று பதில். மனுவுக்கு ரசீதுகூடத் தரவில்லை.

எனக்குத் தெரிந்த பிரிவுகளை அன்றைக்கு ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அது சரி, நான் பயந்துதான் வெட்டுனேன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார். நான் குத்தகைக் கணக்குக்குத் திரும்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தற்காப்பு என்றால் சினிமா கோர்ட்டில் கடைசி நேரத்தில் வருகிற வசனம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை பதினொரு பிரிவுகள் இதற்கென்றே இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரை. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. உங்கள் உயிரையும் உடலையும் மட்டுமல்ல, அடுத்தவர் உயிரையும் உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் உடைமையையும் அடுத்தவர் உடைமையையும் காக்கவும் உண்டு. தாக்க வருகிறவன் கொல்வான், கொடுங்காயம் செய்வான், வல்லுறவு செய்வான், கடத்துவான், ஆசிட் வீசுவான் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அந்த உரிமை அவன் உயிரை எடுப்பது வரைக்கும் நீளும். இதுதான் பழைய 100, புதிய 38.

வீட்டைப் பற்றியது பழைய 103, புதிய 41. கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைவது, மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ தீ வைப்பது, இவற்றைத் தடுக்கும்போது மரணம் நேர்ந்தாலும் குற்றமில்லை. திருட்டோ சேதமோ வெறும் அத்துமீறலோ என்றால் அந்த எல்லைக்குப் போகக்கூடாது. ஆனால் அவற்றிலும், இப்போது தடுக்காவிட்டால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற அச்சம் நியாயமாக எழுந்தால் போகலாம். தேவைக்கு மேல் தாக்கக்கூடாது, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிட வேண்டும் என்ற வரம்புகளும் இருக்கின்றன. ஆபத்து முடிந்த பிறகு துரத்திப் போய் வெட்டினால் அது தற்காப்பு அல்ல, பழி.

நீதிமன்றங்கள் இந்த வரம்புகளைக் கருணையோடுதான் வாசித்திருக்கின்றன. பஞ்சாபில் நிலத் தகராறில் துப்பாக்கியால் சுட்டவரை விடுவித்த தர்ஷன் சிங் வழக்கில், 2010 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் பத்து நெறிகளை வகுத்தது. தாக்கப்படுகிறவர் கோழையைப்போல ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் எத்தனை அடி சரி என்று தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது. தற்காப்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். அதற்கு முன்பே, அறுபதுகளில், முன்ஷி ராம் வழக்கில் இன்னொன்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நிலத்தை நிலையாக அனுபவித்து வருகிற குத்தகைதாரரை, பட்டா வைத்திருப்பவரே ஆனாலும், ஆள்பலத்தோடு வந்து வெளியேற்ற முடியாது. எதிர்த்து நிற்க அவருக்கு உரிமை உண்டு. என் ஆய்வுக்காக இதைப் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன். பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்த வழக்கை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, ஏட்டில் பெரியம்மாவுக்கு உரிமை முழுசாக இருக்கிறது. ராத்திரி, உதைத்துத் திறந்த கதவு, நான்கு பேர், கையில் அரிவாள். பாடப் புத்தகத்தில் உதாரணமாகப் போடலாம். சிக்கல் இருப்பது 'நியாயமான அச்சம்' என்ற சொல்லில்.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்தில் கல்யாணிபுரத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, நம் திருநெல்வேலி மாவட்டம்தான். வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்த முதியவரை முகமூடி போட்ட ஒருவன் பின்னாலிருந்து துணியால் கழுத்தை இறுக்குகிறான். இன்னொருவன் அரிவாளோடு வருகிறான். சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த அவர் மனைவி செருப்பை எடுத்து எறிகிறார், பிளாஸ்டிக் நாற்காலியை எறிகிறார், கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிகிறார். இருவருமாகச் சேர்ந்து துரத்திவிட்டார்கள். அம்மாவின் தாலிச் சங்கிலி மட்டும் போயிற்று. நான்கே நாளில், சுதந்திர தின விழாவில், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்களுக்கு விருது கொடுத்தார். நாடே கை தட்டியது. நானும் தட்டினேன். இன்றும் அந்த அம்மாவின் கை வேகத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

அவர்கள் செய்தது சரி. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த இருவரும் பயந்தார்களா, பயந்தது நியாயமா, எறிந்தது தேவைக்கு அதிகமா என்று யாருமே கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வீட்டு வாசலில் சிசிடிவி கேமரா இருந்தது. வந்தவர்கள் முகமூடி போட்ட முன்பின் தெரியாதவர்கள். வீடு வீடாகவும், வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவும், வந்தவன் கொள்ளைக்காரனாகவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார்கள்.

நாங்குநேரிக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 9, இரவு. கல்யாணிபுரம் சம்பவத்துக்கு ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து, இதே மாதம், இதே மாவட்டம். பள்ளியில் தனக்கு நடந்த சாதிக் கொடுமையை ஆசிரியர்களிடம் சொன்னதற்காக, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற தலித் மாணவனை, கூடப் படிக்கிற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்த அதிர்ச்சியில் உறவினரான பெரியவர் ஒருவர் இறந்துபோனார். பையன் மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்துகொண்டே பொதுத் தேர்வு எழுதி 600-க்கு 469 வாங்கினான். அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, பொட்டு, பள்ளிப் பெயரில் சாதி என்று அந்த அறிக்கை மேல் நடந்த சண்டையெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது ஒரு கற்பனை. அந்தத் தங்கை கையில் ஏதோ ஒன்று அகப்பட்டு, அதை ஓங்கியதில் வந்தவர்களில் ஒருவன் செத்திருந்தால்? சட்டப்படி 100-ம் பொருந்தும், 103-ம் பொருந்தும். அண்ணனைக் காக்கத் தங்கைக்கு முழு உரிமை. ஆனால் மறுநாள் செய்தித்தாளில் என்ன தலைப்பு வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'மாணவர்களிடையே முன்விரோதம், இரு தரப்பு மோதலில் ஒருவர் பலி.' செத்தவனின் பள்ளிச் சீருடைப் படம் ஒவ்வொரு போஸ்டரிலும் இருந்திருக்கும். இறுதி ஊர்வலத்துக்கு எத்தனை கார் வந்திருக்கும் என்பதையும் நாம் கணக்குப் போட முடியும். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்திருக்க முடியுமா?

தற்காப்புச் சட்டத்தின் பின்னால் ஒரு படம் இருக்கிறது. உள்ளே நாம், வெளியே தெரியாதவன். இரவு, சுவர், கதவு, தாழ்ப்பாள். ஆனால் சேரிக்குள் ராத்திரி வருகிறவன் தெரியாதவன் அல்ல. அவன் பெயர் தெரியும், அப்பா பெயர் தெரியும், காலையில் அவன் வயலுக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். அவனுக்கு முகமூடியும் தேவைப்படுவதில்லை. 'தெரிந்த பையன்தானே, எப்படிக் கொலை பயம் வரும்?' என்று காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். தெரிந்தவன் என்பதால்தான் பயம். அவன் தனி ஆள் இல்லை என்பது தெரிந்ததால்தான் பயம்.

கதவையும் கொஞ்சம் பாருங்கள். சட்டத்தில் 'வீடுடைப்பு' என்பதற்குத் தனி விளக்கம் உண்டு. பூட்டைத் திறந்தோ, தாழிட்ட கதவை நீக்கியோ, ஆளைத் தாக்கியோ, வழியல்லாத வழியிலோ நுழைந்தால் அது உடைப்பு. திறந்து கிடக்கிற வாசல் வழியே நடந்து வந்தால் அத்துமீறல்தான், உடைப்பு ஆகாது. காலனியில் சித்திரை வெயிலில் யார் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள்? பாதிப் பேர் திண்ணையில், மீதிப் பேர் தெருவில் கயிற்றுக் கட்டிலில். கதவு இருக்கிற இடத்தில் சாக்குத் தொங்குகிற வீடுகளை நான் கள ஆய்வில் எண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் சட்டத்தின் முதல் வரியை விட்டுவிட்டு, கடைசி வரியான 'சாவு அச்சம் தரும் அத்துமீறல்' என்பதைத்தான் பிடித்தாக வேண்டும். அங்கே மறுபடியும் அந்தச் சொல்: நியாயமான அச்சம். நல்ல கதவு இருக்கிறவருக்கு கதவே பாதி சாட்சி. கதவில்லாதவர் தன் நெஞ்சுக்குள் இருந்ததை நிரூபிக்க வேண்டும்.

இந்த இடத்தில் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25. ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். குடியிருப்புக்குத் தீ வைப்பவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்று 1860-லேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்த உரிமை உள்ளே எரிந்துகொண்டிருந்தவர்களுடையது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை விடுவித்தபோது, இவ்வளவு வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. சிலரை நம்பாமல் இருப்பதைப் போலவே, சிலர் குற்றம் செய்வார்கள் என்பதையும் நம்பாமல் இருக்கிறார்கள்.

இதற்குப் பதில் என்ன? நம் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அமெரிக்கா மாதிரி சட்டம் வேண்டும், வீட்டுக்குள் வந்தால் சுட்டுத் தள்ள வேண்டும் என்று. கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் வந்தால் யார் சுடுவார்கள், யார் சாவார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2011 ஜூலையில் சென்னை தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்பு வளாகத்துக்குள், பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் சுவர் ஏறிக் குதித்தான். எதற்கு? மரத்தில் இருந்த வாதாங்காய்க்கு. நாம் எல்லோரும் சின்ன வயதில் செய்ததுதான். அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் அவனைத் துப்பாக்கியால் சுட்டார். பையன் செத்தான். அடுத்த வருடம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அத்துமீறலுக்கும் காய் திருடுவதற்கும் உயிரை எடுக்க உரிமையில்லை என்று நம் சட்டம் தெளிவாக எழுதி வைத்திருப்பதால்தான் அந்த வழக்கு அப்படி முடிந்தது. சுவரின் உள்ளே இருப்பவரின் பயமே போதும் என்று சட்டத்தை மாற்றினால், அந்தச் சிறுவனின் அம்மாவுக்கு அந்தத் தீர்ப்பும் கிடைத்திருக்காது.

இங்கிலாந்தில் 1999-ல் இதே மாதிரி ஒன்று. நார்ஃபோக் பகுதியில் ஒரு விவசாயி, ராத்திரி வீட்டுக்குள் புகுந்த இருவரை உரிமமில்லாத துப்பாக்கியால் சுட்டார். முதுகில் குண்டு பட்டுச் செத்தவனுக்கு 16 வயது. நம் ஊர்க் குறவர்களைப்போல ஊர் ஊராகப் போவதாலேயே திருடர் என்று பார்க்கப்படுகிற நாடோடிச் சமூகத்துப் பையன். கொலைக் குற்றத் தீர்ப்பு பிறகு மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. அந்த நாட்டுப் பத்திரிகைகளில் பாதி அந்த விவசாயியை வீரனாக்கின. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணம் 2005-ல், ஆபத்து என்று தோன்றினால் பின்வாங்க வேண்டியதில்லை, நின்ற இடத்தில் நின்றே தாக்கலாம் என்று சட்டம் போட்டது. 2012-ல் அதே மாகாணத்தில் கடையில் மிட்டாய் வாங்கிவிட்டு நடந்து போன 17 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் குடியிருப்புக் காவலுக்கு நின்றவர் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார். அடுத்த வருடம் விடுதலை ஆனார். கறுப்புத் தோலைப் பார்த்துப் பயந்தது அங்கே நியாயமான அச்சம்.

நம் மண்ணில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அரசே சட்டம் போட்டுச் சொன்ன காலமும் உண்டு. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், கள்ளர்கள், மறவர்களில் ஒரு பகுதியினர் என்று பட்டியல் போட்டு, பிறப்பாலேயே ராத்திரி நடமாடக் கூடாதவர்கள் ஆக்கினார்கள். அந்தக் கொடுமையை அனுபவித்த சமூகங்களில் சில இன்று வேறொரு வீட்டுக் கதவின் முன்னால் நிற்கின்றன என்பதை இந்த மேடையில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சமூகத்துத் தோழர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம்தான் சொல்கிறேன். குறவர்களுக்கு அந்தப் பட்டியல் இன்னும் முடியவில்லை. 'ஜெய்பீம்' படம் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருளர் என்று வைத்தார்கள், நிஜத்தில் 1993-ல் திருட்டுச் சந்தேகத்தில் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். அந்தக் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞர்தான் நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்துரு.

ஆகவே சட்டத்தைத் தளர்த்தக் கேட்பது நம் வேலை அல்ல. தளர்த்தினால் அது முதலில் பாய்வது நம் வீட்டுப் பிள்ளைகள் மேல்தான். இருக்கிற சட்டம் நம் கைக்கு வர என்ன தடை என்று பார்க்க வேண்டும்.

சட்டம் வேலை செய்த இடங்களும் இருக்கின்றன. 2012-ல் மதுரையில் குடித்துவிட்டு வந்து மகளிடமே பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்தான். அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் 100-ஆவது பிரிவைக் காட்டி அந்தப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டார். 2021 ஜனவரியில் சோழவரம் பக்கம், தன்னைக் கத்திமுனையில் வல்லுறவு செய்ய வந்தவனை, அவன் கத்தியைப் பறித்தே குத்திய 19 வயதுப் பெண்ணையும் அதே பிரிவில் விடுவித்தார்கள். இரண்டையும் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் இரண்டிலும் முடிவு எங்கே எடுக்கப்பட்டது? நீதிமன்றத்தில் அல்ல. முதல் நாளே, காவல்துறையில். ஒரு அதிகாரி நம்பினார். அவ்வளவுதான். அவர் நம்பாமல் இருந்திருந்தால், அதே சட்டத்தை நிரூபிக்க அந்தத் தாய் சிறையிலிருந்தபடி வருடக்கணக்கில் வழக்கு நடத்தியிருக்க வேண்டும். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான் இருக்கிறது. தர்ஷன் சிங்கும் உயர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மீண்டார். வாழைத் தோட்டக் கூலியில் டெல்லி வரைக்கும் யார் போவது?

சாதி வழக்கில் அந்த முதல் நாளில் நடப்பது எதிர் வழக்கு. கள ஆய்வில் நான் பார்த்த கோப்புகளில் மறுபடி மறுபடி வருவது இதுதான். தலித் தரப்பு புகார் கொடுக்கும். அன்று சாயங்காலமே எதிர்த் தரப்பு ஒருவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனையில் படுப்பார். இரண்டு முதல் தகவல் அறிக்கை. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பிரிவுகள், ஒன்றில் மட்டும் கூடுதலாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிறகு பஞ்சாயத்து: 'நீயும் வாபஸ் வாங்கு, அவனும் வாங்குவான்.' தடுத்துக் கை ஓங்கியவரும் தாக்க வந்தவரும் ஒரே தாளில் 'இரு தரப்பினர்' ஆகிவிடுவார்கள். வழக்கும் எதிர் வழக்கும் வந்தால் ஒரே அதிகாரி இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் யார் என்று கண்டுபிடித்து அவர்கள் மேல் மட்டும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு காவல்துறையின் நிலையாணையே சொல்கிறது. முதலில் தாக்கியவர் யார் என்ற அந்தக் கேள்விதான் தற்காப்பின் உயிர். அதைக் கேட்காமலேயே கோப்பை மூடுவதற்கு வசதியான வழிதான் 'இரு தரப்பு'.

இன்னொன்று, இந்தக் கூட்டத்துக்காகப் படித்தபோது என்னை உலுக்கியது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. மூன்றாவது விதி. வன்கொடுமை நடக்கலாம், மறுபடியும் நடக்கலாம் என்று அஞ்சத்தக்க பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் கண்காணிப்பாளரும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அடுத்த உட்பிரிவு: தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஆயுத உரிமம் வழங்க வேண்டும். இது அரசிதழில் வெளியான, இன்றும் நடப்பில் இருக்கிற விதி. படித்துக் காட்டியபோது என் அறைத் தோழி, "ஏட்டி, இது நீயா எழுதுனதா?" என்று கேட்டாள்.

உடனே துப்பாக்கி வாங்கப் போக வேண்டாம். நம் பக்கம் உரிமத் துப்பாக்கி என்றால் தோட்டக்காரர் பன்றி விரட்ட வைத்திருப்பது. வெட்டுகிறவன் வைத்திருப்பது அரிவாள், அதற்கு உரிமம் கிடையாது. எனக்குத் துப்பாக்கி மேல் நம்பிக்கையும் இல்லை. நான் பிடித்துக்கொள்வது அந்த விதியின் தொடக்கத்தை. பெரியம்மாவைப் போன்றவர்களின் அச்சம் நியாயமானது என்பதை அரசு சம்பவத்துக்கு முன்பே எழுத்தில் ஒத்துக்கொள்ள அங்கே ஒரு இடம் இருக்கிறது. 'இந்தத் தெரு ஆபத்தில் இருக்கிறது' என்று ஆட்சியர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால், நாளை அவர் கை ஓங்க நேர்ந்தாலும், 'சின்னப் பயலுவ, குடிச்சிட்டு வந்தானுவ' என்று யாரும் சொல்ல முடியாது. கடமையைச் செய்யத் தவறும் அரசு ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்க அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவும் இருக்கிறது.

போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். மகனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார். கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். அரிவாள் இன்னும் தலைமாட்டில்தான். ஒன்றரை வருடம் கழித்துப் பதில் சொன்னேன். வந்தால் தடுக்கலாம் பெரியம்மா, உயிர் பயம் வந்தால் வெட்டவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஓடுகிறவனைத் துரத்திப் போகக் கூடாது. அந்த நிமிடமே 100-க்கு போன் போட வேண்டும், நம் பக்கத்துப் புகார்தான் முதலில் போக வேண்டும், காயம் பட்டால் அரசு மருத்துவமனையில் யார் அடித்தார்கள் என்று பெயரோடு பதிவு செய்ய வேண்டும், உடைந்த கதவைச் சரி செய்வதற்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவனுவ வாரதுக்கு முன்னாடி செய்யதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். மூன்றாவது விதியைச் சொன்னேன். "அப்பம் அத மொதல்ல எழுது" என்றார்.

எழுதியிருக்கிறோம். தெருவில் 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஏழு பேர் கைநாட்டு. வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக மனு கொடுக்கப் போனவர்களை அடித்து ஆற்றுக்குள் தள்ளி, கைக்குழந்தை உட்பட 17 பேரைச் சாகடித்த அதே கரைதான். பெரியம்மாவுக்கு அது தெரியும், அவர் தம்பி அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்று நினைக்கிறோம். காலை பத்து மணி. வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரும் போன் எண்ணும் கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்புவதில்லை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.